ஏட்டு நோன்பும் வீட்டு நோன்பும்

(நாகர்கோவிலில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆர்த்தடாக்ஸ் சபை என்றதும் நம்மில் பலருக்கு ரஷ்யா ஞாபகம் வரும். தஸ்தயேவ்ஸ்கி நாவல்களில் நடமாடும் நீண்ட தாடித் துறவிகள் ஞாபகம் வருவார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இங்கே பஸ் ஏறித் தக்கலை போய், பக்கத்தில் திருவிதாங்கோட்டில் இறங்கினால் போதும். அரப்பள்ளி என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். கருங்கல்லில் கட்டிய சிறிய பள்ளி. தேவாலயத்தைப் பள்ளி என்றுதான் அந்த மக்கள் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். கி.பி. 63-இல் புனித தோமா நிறுவியது என்பது அவர்களுடைய மரபு. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தபோது அந்தப் பள்ளியும் சேர்ந்து வந்துவிட்டது. ஆனால் அது எந்த நாளில் நோன்பு தொடங்க வேண்டும், எந்த நாளில் முடிக்க வேண்டும் என்பது இன்றைக்கும் கோட்டயத்தில், தேவலோகத்தில் இருக்கும் மலங்கர ஆர்த்தடாக்ஸ் சபைத் தலைமையகத்தின் பஞ்சாங்கப்படிதான்.

அந்தப் பஞ்சாங்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இறையியல் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஓர் ஆண்டு முழுக்க ஒரு பள்ளியைச் சேர்ந்த குடும்பங்கள் எப்போது சாப்பிடுகிறார்கள், எப்போது சாப்பிடாமல் இருக்கிறார்கள், ஏன் சில நோன்புகள் பிழைத்தன, ஏன் சில நோன்புகள் காகிதத்தோடு நின்றுவிட்டன என்பது என் கேள்வி.

முதலில் ஏட்டில் உள்ள கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சபை பின்பற்றும் சுரியானி மரபில் 13-ஆம் நூற்றாண்டில் பார் எப்ராயா என்று ஒரு பேரறிஞர் இருந்தார், 1286-இல் இறந்தார். அவர் தொகுத்த ஹூதாயா கானோன் என்ற சட்ட நூலைத்தான் மலங்கர சபையின் 1934-ஆம் ஆண்டு அமைப்புச் சட்டம் தன் கானோனாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்த மரபில் நோன்பு ஐந்து. நினிவே நோன்பு 3 நாள், பெரிய நோன்பு 50 நாள், அப்போஸ்தலர் நோன்பு 13 நாள், மாதாவின் விண்ணேற்புக்கு முந்திய நோன்பு 15 நாள், பிறவிப் பெருநாளுக்கு முந்திய நோன்பு 25 நாள். கூட்டினால் 106. இதோடு ஒவ்வொரு வாரமும் புதனும் வெள்ளியும். புதன் இயேசுவைக் காட்டிக்கொடுத்த நாள், வெள்ளி சிலுவையில் அறைந்த நாள். உயிர்ப்பு ஞாயிறு முதல் பெந்தெகொஸ்தே வரை உள்ள ஐம்பது நாள் மட்டும் விலக்கு. எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 160 நாட்களை ஒட்டி வரும். அந்த நாட்களில் மீன், இறைச்சி, முட்டை, பால் எதுவும் ஆகாது.

நாள் என்பதும் நம் கணக்கில் வருவதல்ல. அவர்களுக்குச் சாயங்காலத்தில்தான் நாள் பிறக்கிறது. புதன்கிழமை நோன்பு என்றால் செவ்வாய் சாயங்காலப் பிரார்த்தனையோடு தொடங்கிவிட்டது. அதனால் புதன்கிழமை ராத்திரி மீன்குழம்பு வைக்கிற வீட்டைப் பார்த்து முகம் சுளிக்கத் தேவையில்லை. அவர்கள் கணக்கில் அது வியாழன்.

உலகத்து ஆர்த்தடாக்ஸ் சபைகள் எல்லாம் ஒரே நாளில் பெருநாள் கொண்டாடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரஷ்யரும் செர்பியரும் பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. அதனால் அவர்களுடைய கிறிஸ்துமஸ் நமக்கு ஜனவரி 7. நம் ஊரில் வாக்கியப் பஞ்சாங்கக்காரரும் திருக்கணிதக்காரரும் போடும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. மலங்கர சபை கடந்த நூற்றாண்டின் நடுவிலேயே புதிய கணக்குக்கு மாறிவிட்டது. டிசம்பர் 25 அவர்களுக்கும் டிசம்பர் 25-தான். ஈஸ்டரும் கத்தோலிக்கரோடு சேர்ந்தே வருகிறது. இது ஒன்றும் சின்ன விஷயம் அல்ல. கத்தோலிக்கர், மார்த்தோமாக்காரர், யாக்கோபாயர் எல்லோரும் ஒரே தெருவில் இருக்கும் மத்திய கேரளத்தில் அக்கம்பக்கத்தில் ஒருவர் நோன்பு இருக்கும்போது மற்றவர் இறைச்சி வறுத்தால் நோன்பு எத்தனை நாள் தாங்கும்?

சபையின் ஆண்டு அக்டோபர் கடைசியில் அல்லது நவம்பர் முதலில் பிறக்கிறது. அக்டோபர் 30-க்கும் நவம்பர் 5-க்கும் நடுவே எந்த ஞாயிறு வருகிறதோ அது கூதோஷ் ஈத்தோ, சபையைப் புனிதப்படுத்தும் ஞாயிறு. அதுதான் புத்தாண்டு. பள்ளிக்கு ஒழுங்காகப் போகிற பத்துப் பேரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பாதிப்பேர் யோசிப்பார்கள். அதே வாரத்தில் நவம்பர் 2-ஐச் சொல்லுங்கள், குழந்தைகூட 'பருமலை' என்று சொல்லும்.

பம்பை ஆற்றங்கரையில் இருக்கிறது பருமலை. 1848-இல் முளந்துருத்தியில் பிறந்த கீவர்கீஸ் மார் கிரிகோரியோஸ் 28 வயதில் மெத்ரான், அதாவது ஆயர், ஆனவர். இளம் வயதில் ஆனதால் 'கொச்சுத் திருமேனி'. எருசலேம் போய்வந்து 1895-இல் அவர் எழுதிய பயணநூல் மலையாளத்தின் முன்னோடிப் பயணநூல்களில் ஒன்று. 1902 நவம்பர் 2 அன்று இறந்தார். 1947-இல் சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளுக்கு எங்கெங்கோ இருந்து ஆட்கள் நடந்தே வருகிறார்கள். கொடி பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, வழியில் உள்ள பள்ளிகளில் கஞ்சி குடித்துக்கொண்டு போகும் அந்தக் கூட்டம்தான் உண்மையில் ஆண்டைத் தொடங்கி வைக்கிறது. ஏடு ஒரு புத்தாண்டைச் சொல்கிறது. மக்களின் கால்கள் வேறொரு புத்தாண்டுக்குப் போகின்றன. நல்லவேளையாக இரண்டும் ஒரே வாரத்தில் வருவதால் யாரும் சண்டை போடவில்லை.

இதைத்தான் நான் ஆண்டு முழுக்கப் பார்க்கிறேன். ஒரு நோன்பு பிழைப்பதற்கு நூலில் இடம் இருந்தால் போதாது. போவதற்கு ஒரு தலம் வேண்டும், அல்லது செய்வதற்கு ஒரு பண்டம் வேண்டும், அல்லது ஊர் சேர்ந்து செய்யும் ஒரு காரியம் வேண்டும். இவற்றில் ஒன்றுகூட இல்லாத நோன்பு பஞ்சாங்கத்தில் அச்சாகிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

டிசம்பர் 1-ஆம் தேதி இருபத்தைந்து நோன்பு தொடங்குகிறது. அதன் முடிவில் ஒரு காரியம் இருக்கிறது, அதனால் நோன்பும் இருக்கிறது. பிறவிப் பெருநாள் அதிகாலையில், இருட்டு விலகும் முன்பே, பள்ளியின் மேற்கு முற்றத்தில் சிலுவை வடிவில் தோண்டிய குழியில் தீ மூட்டுகிறார்கள். பெத்லகேம் வயல்வெளியில் இடையர்கள் குளிர்காய்ந்த தீ என்பது விளக்கம். அந்தக் குழியில் போடுவது வெறும் விறகல்ல. எட்டு ஒன்பது மாதத்துக்கு முன்னால், குருத்தோலை ஞாயிறன்று பள்ளியில் வாங்கி, வீட்டில் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த குருத்தோலை காய்ந்து பழுத்து இருக்குமே, அதைக் கொண்டுவந்து போடுகிறார்கள். ஓலை பிடிக்கும்போது ஒரு சடசடப்பு. கைநிறையச் சாம்பிராணியை எறிந்ததும் புகை முகத்தில் அடிக்கும். குழந்தைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னும் கிட்டே போகும். ஜனவரி 6, இயேசுவின் திருமுழுக்குப் பெருநாளான தெனஹா. அன்றைக்குத் தண்ணீர் வாழ்த்துதல். பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

பிறகு மூன்று நோன்பு என்கிற நினிவே நோன்பு. பெரிய நோன்புக்கு மூன்று வாரம் முன்னால் திங்கள், செவ்வாய், புதன். பழைய மெசபொத்தாமியாவில் கொள்ளைநோய் வந்தபோது, நினிவே மக்கள் யோனா சொல்கேட்டு நோன்பிருந்ததுபோல நாமும் இருப்போம் என்று ஆயர்கள் சொன்னதிலிருந்து வந்தது என்பது மரபு. கிரேக்க, ரஷ்ய சபைகளுக்கு இது கிடையாது. சுரியானி, கோப்து, ஆர்மேனியச் சபைகளுக்கு உண்டு. மூன்று நாளில் முடிந்துவிடுவதாலோ என்னவோ, மிகக் கண்டிப்பாக இருப்பவர்கள் இதில்தான் அதிகம். உச்சிவரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பெரிய நோன்புக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

கானாவூர்க் கல்யாணத்தை வாசிக்கும் ஞாயிறு தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரை எண்ணினால் சரியாக ஐம்பது. அந்த முதல் ஞாயிறுக்குப் பேத்தூர்த்தா என்று பெயர். கல்யாண விருந்தைப் பற்றிய வாசகத்தோடு நோன்பு தொடங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. அன்றைக்கு வீட்டில் கோழியோ மாட்டிறைச்சியோ மீனோ வயிறு நிறைய. ராத்திரி பாத்திரம் கழுவுவதில்தான் விஷயமே இருக்கிறது. பழைய வீடுகளில் மீன்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வாடை போகிறதா என்று மோந்து பார்த்து, கவிழ்த்துக் காயவைத்து, பரணில் ஏற்றிவிடுவார்கள். இனி ஐம்பது நாளைக்கு அதற்கு வேலை இல்லை. நோன்பு தொடங்கிவிட்டது என்று பள்ளி மணி சொல்வதைவிட அந்தச் சட்டி பரண் ஏறுவது உறுதியாகச் சொல்லும்.

மறுநாள் திங்கள் உச்சிக்குச் சுப்கோனோ. ஒருவரை ஒருவர் மன்னிக்கும் சடங்கு. அச்சன், அதாவது பாதிரியார், மக்கள் முன்னால் மண்டியிட்டுத் தன்னை மன்னிக்கும்படி கேட்கிறார், மக்களும் அப்படியே. அதன் பிறகுதான் ஐம்பது நாள். மனத்தில் கறுவிக்கொண்டு பட்டினி கிடப்பது வயிற்றுக்கோளாறு என்று ஒரு வயதான அச்சன் வேடிக்கையாகச் சொன்னார்.

நோன்பு நாட்களில் உச்சிப் பிரார்த்தனையோடு நாற்பது கும்பிடல். நின்ற நிலையிலிருந்து முழங்கால் மடக்கி, நெற்றி தரையைத் தொட்டு, மறுபடி எழுந்து நிற்க வேண்டும். இப்படி நாற்பது முறை. முதல் பத்து சுலபம். இருபதுக்கு மேல் மூச்சு வாங்குவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். முழங்கால் தேய்ந்த அம்மச்சிமார் நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையை மட்டும் குனிந்து எண்ணிக்கை தவறாமல் முடிப்பார்கள். எத்தனையாவது என்று சந்தேகம் வந்தால் இளையவர்கள் அவர்களைத்தான் பார்ப்பார்கள். இருபத்தைந்தாம் நாள் புதன், பாதி நோன்பு. அன்று பள்ளியின் நடுவே ஒரு பீடத்தில் சிலுவையை நிறுத்துகிறார்கள்.

அடுப்படியில் என்ன நடக்கிறது? இந்த நோன்பு கும்பம், மீனம் மாதங்களில் வருகிறது. நமக்கு மாசி, பங்குனி. வெயில் காலம், சக்கைக் காலம், மாங்காய்க் காலம். பிஞ்சுச் சக்கையை இடித்துத் துவரன், முற்றிய சக்கையில் புழுக்கு, மரச்சீனிக் கிழங்கோடு காந்தாரி மிளகு அரைத்த சம்மந்தி, கஞ்சி, பயறு, மாங்காய் போட்ட ஒழிச்சுக்கறி. இந்த மாவட்டத்துக்காரர்களிடம் இதையெல்லாம் விளக்க வேண்டுமா என்ன! சுரியானி நாட்டின் கோதுமைக்கும் பருப்புக்கும் ஏற்ப வகுத்த நோன்பு மலைநாட்டில் சக்கை பழுக்கும் மாதத்தில் வந்து விழுந்தது பெரிய அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் ஐம்பது நாள் ஏழைக்குடும்பம் எப்படிச் சமாளித்திருக்கும்? முன்பு சக்கை பழுக்கும் மாதங்களில் மீன் வாங்கக் காசு இல்லாத வீட்டிலும் நோன்பு ஒரு மரியாதையைக் கொடுத்தது. பணக்கார வீட்டிலும் அதே கஞ்சிதானே!

குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள் கொழுக்கட்டைச் சனி. அரிசிமாவு உருண்டைக்குள் தேங்காயும் சர்க்கரையும். நாம் செய்கிற அதே கொழுக்கட்டைதான். பெத்தானியாவில் மார்த்தாளும் மரியாளும் இயேசுவுக்கு விருந்து வைத்ததன் நினைவு என்பார்கள். மறுநாள் ஓசானா. கொண்டுவந்த பூவைக் குழந்தைகள் ஒவ்வோர் 'ஓசானா'வுக்கும் மேலே எறிய, வழிபாடு முடியும்போது தரை முழுக்க மிதிபட்ட செம்பருத்தி. கப்யாருக்கு அன்று வேலை அதிகம். நம் பக்கத்துக் கோயிற்பிள்ளைதான் அங்கே கப்யார்.

பெசஹா வியாழன் ராத்திரி வீட்டில் நடக்கும் சடங்குக்கு அச்சன் வரமாட்டார். அரிசிமாவும் உளுந்தும் சேர்த்துப் புளிக்கவைக்காமல் அவித்த அப்பம், அதன்மேல் குருத்தோலை கீறிச் செய்த சிறு சிலுவை. கூடத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் காய்ச்சிய பெசஹாப் பால். குடும்பத்தில் மூத்தவர் பிரார்த்தனை சொல்லி, அப்பத்தை முறித்து, வயது வரிசையில் கொடுப்பார். அந்த ஆண்டு சாவு நடந்த வீட்டில் அப்பம் சுடமாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இது எந்தக் கானோனிலும் இல்லை. ஆனால் அதை மறந்து விட்டுவிட்ட ஒரு அண்டை வீட்டை அந்த ஊர் சுலபத்தில் மன்னிக்காது, சுப்கோனோ செய்திருந்தாலும்.

துக்க வெள்ளி காலையில் தொடங்கும் வழிபாடு மத்தியானம் தாண்டியும் நீளும். இடையில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஊர்வலம், மீண்டும் கும்பிடல், கடைசியில் சிலுவையைத் துணியில் பொதிந்து பலிபீடத்தருகே அடக்கம். வெளியே வரும்போது வாசலில் ஒரு பாத்திரத்தில் சொறுக்கா வைத்திருப்பார்கள். கசப்பும் புளிப்புமான அந்த நீரை ஒரு வாய் குடிக்க வேண்டும். சிலுவையில் இயேசுவுக்குக் கொடுத்த காடியின் நினைவு. முதல்முறை குடிக்கும் சிறுவர்கள் முகத்தைக் கோணுவதைப் பார்க்கப் பெரியவர்கள் சுற்றி நிற்பதும் சடங்கின் ஒரு பகுதியாகிவிட்டது. பிறகு பந்தலில் கஞ்சியும் சிறுபயறும் ஊறுகாயும். சில ஊர்களில் இன்னும் பிலாவிலையைக் கோட்டிக் கரண்டியாக வைத்துக் குடிக்கிறார்கள். பள்ளி நிர்வாகியான கைக்காரரும், டாக்டரும், மரம் வெட்டுபவரும் ஒரே பெஞ்சில். பசித்த வயிற்றில் அந்தக் கஞ்சிக்கு உள்ள ருசியை நான் வேறு எந்த விருந்திலும் கண்டதில்லை.

ஞாயிறு அதிகாலை, இருட்டில், உயிர்ப்பின் வழிபாடு. விடிவதற்குள் வீடு திரும்பி அப்பமும் கோழி ஸ்டூவும், குட்டநாட்டுப் பக்கம் என்றால் தாறாவும். பரணிலிருந்து சட்டி இறங்கிவிட்டது. அதன்பின் ஐம்பது நாளைக்கு நோன்பும் கிடையாது, கும்பிடலும் கிடையாது. ஐம்பதுக்கு ஐம்பது. எவ்வளவு நாள் குனிந்தார்களோ அவ்வளவு நாள் நிமிர்ந்து நிற்கிறார்கள். அந்தக் கணக்கைப் போட்டவர்களுக்கு மனித உடம்பு தெரிந்திருந்தது.

அந்த ஐம்பது நாளுக்குள்தான் மே மாதத்தில் புதுப்பள்ளிப் பெருநாள், கோட்டயத்துக்குப் பக்கத்தில், புனித ஜார்ஜ் பெயரில். மே 7 வெச்சூட்டு. ஊர்க்காரர்கள் விறகை ஊர்வலமாகக் கொண்டுவந்து போட, ராத்திரி முழுக்கச் சோறு வேகும். உயிருள்ள சேவலை நேர்ச்சையாகக் கொண்டுவருபவர்கள் வரிசையில் நிற்பார்கள். வெச்சூட்டுச் சோற்றைக் குழந்தைக்கு முதல் சோறாக ஊட்டத் தூரத்திலிருந்து வரும் பெற்றோர் உண்டு. சாதி மதம் யாரும் கேட்பதில்லை.

இனி என் வாதத்துக்கு மோசமான சாட்சி, அதாவது நல்ல சாட்சி. ஜூன் 16 முதல், 29-ஆம் தேதிப் பெருநாளுக்கு முந்திய நாள் வரை அப்போஸ்தலர் நோன்பு. சட்டப்படியான ஐந்தில் ஒன்று. பேதுரு, பவுல் பெயரால் வருவது. இதை முழுமையாகப் பிடிப்பவர்கள், நான் கண்டவரை, துறவிகளும் சில வயதானவர்களும்தான். காரணம் தேட வேண்டியதில்லை. இடவப்பாதி மழை கொட்டும் மாதம். சக்கை அழுகிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த நேரம், கையில் காசு இல்லை. போவதற்குத் தலம் இல்லை, சுடுவதற்கு அப்பம் இல்லை, முடிவில் தீயோ சொறுக்காவோ கஞ்சியோ இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே நாட்களில் கேரள அரசு ஆண்டுதோறும் 52 நாள் இழுவலைப் படகுகளைத் தடைசெய்து கரையில் கட்டிவைக்கிறது. பேதுருவின் நோன்பு நாளில் அந்தப் படகுகள் கடலுக்குப் போவதில்லை. சபை சொல்லிக் கேட்காததை மீன்வளத் துறை நடத்திக்காட்டுகிறது.

ஜூலை 3 துக்ரானா, தோமாவின் நினைவு நாள். மயிலாப்பூரையும் பரங்கிமலையையும் தெரிந்த நமக்கு அந்த நாள் அந்நியமல்ல. 2017-இல் அதே ஜூலை 3 அன்றுதான், நூறாண்டுக்கு மேலாக ஆர்த்தடாக்ஸ் தரப்புக்கும் யாக்கோபாயத் தரப்புக்கும் நடந்துவந்த சொத்து நிர்வாக வழக்கில், 1934 சட்டப்படியே பள்ளிகளின் நிர்வாகம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. சில பள்ளி வாசல்களில் போலீஸ் நின்றது. இரு தரப்புக்கும் நோன்பு ஒன்று, பெருநாள் ஒன்று, சுப்கோனோ திங்களும் ஒன்று. மன்னிப்புக் கேட்பது மட்டும் தனித்தனிப் பள்ளியில். இதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை.

ஆகஸ்ட் 1 முதல் பதினைந்து நோன்பு, நடுவே 6-ஆம் தேதி, இயேசு உருமாறியதை நினைக்கும் கூடாரப் பெருநாள். பதினைந்தாம் நாள் மாதாவின் பெருநாளும் சுதந்திர தினமும் சேர்ந்து வரும். பள்ளி முற்றத்தில் கொடி ஏற்றிவிட்டுக் குர்பானா என்கிற திருப்பலிக்குப் போவார்கள்.

செப்டம்பர் 1 வந்துவிட்டால் காட்சி மாறிவிடும். எட்டு நோன்பு. 8-ஆம் தேதி மாதாவின் பிறந்தநாள் வரை. ஐந்து நோன்புப் பட்டியலில் இது கிடையாது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பல கதைகள். பெரும்பாலும் போர்க்காலத்தில் பெண்கள் மாதாவிடம் அடைக்கலம் புகுந்த கதைகள். கோட்டயத்துக்கு அருகே மணர்காட்டில், யாக்கோபாய சபையின் பெரிய பள்ளியில், இந்த எட்டு நாளும் கூட்டம் அலைமோதும். செப்டம்பர் 7 உச்சியில் நடை திறந்து மாதாவும் குழந்தையும் இருக்கும் படத்தைக் காட்டுவார்கள். அதைப் பார்க்க ஆள்மேல் ஆள். பாச்சோறு நேர்ச்சை. இந்துப் பெண்களும் நோன்பிருந்து வருகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் வீட்டுப் பெண்கள் பலர், சபைத் தகராறு அதன்பாட்டுக்கு இருக்கட்டும் என்று, இதை விடுவதில்லை. ஐந்தில் ஒன்றான பதின்மூன்று நோன்பை மறந்த வீட்டில், ஐந்தில் சேராத எட்டு நோன்பு ஒரு பருக்கை தவறாமல் நடக்கிறது!

ஓணம் சில ஆண்டுகளில் இந்த எட்டுக்குள் வந்து விழும். அப்போது இலையில் பஞ்சாயத்து. பருப்புக்கு நெய் வேண்டாம், புளிசேரி வேண்டாம், மோர் வேண்டாம். அடைப் பிரதமன் தேங்காய்ப்பாலில் செய்ததானால் தாராளமாக ஊற்றலாம். மாமியாரும் மருமகளும் சேர்ந்து எடுக்கும் இந்தத் தீர்ப்புகளுக்கு மேல்முறையீடு இல்லை. பார் எப்ராயாவே வந்தாலும் அங்கே அவர் விருந்தாளிதான்.

அறுவடை முடிந்த பருவத்தில் ஆத்யபலப் பெருநாள், முதல்விளைச்சலைப் பள்ளிக்குக் கொடுப்பது. குர்பானா முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஒரு வாழைக்குலை, ஒரு சேனை, இரண்டு தேங்காய், கால் கட்டிய கோழி, ஒரு பாட்டில் தேன். கைக்காரர் தேங்காயைத் தூக்கிப் பிடித்து விலை சொல்ல, கடையில் சில பத்து ரூபாய் கொடுத்து வாங்குவதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். ஒருதரம், ரெண்டுதரம் என்று போகும்போது யாரோ கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு "அபுதாபியிலிருந்து இன்னும் ஐந்நூறு" என்று கத்துவார். ஏலத்தில் எடுத்த தேங்காயை அவர் திரும்பப் பள்ளிக்கே கொடுத்துவிட, அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே தேங்காய் மூன்று முறை விற்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக் கூரை ஓடு மாற்றியது அந்தப் பணத்தில்தான் என்று கேட்ட பிறகு சிரிப்பு அடங்கியது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பெருநாள் ஆண்டுக்காண்டு பெருத்துக்கொண்டே போகிறது. றாஸா ஊர்வலத்தில் முத்துக்குடைகள், செண்டைமேளம், பேண்டு வாத்தியம், தெரு நெடுக மின்விளக்கு. பக்கத்துப் பள்ளியைவிட ஒரு செண்டை கூட வேண்டும் என்ற போட்டி வேறு. நோன்பு மட்டும் சுருங்கிக்கொண்டு போகிறது. இப்படிப் போனால் பேத்தூர்த்தா இருக்கும், அதற்குப் பிறகு வரும் திங்கள் இருக்காது. பட்டினி இல்லாத வீட்டில் ஈஸ்டர் காலை ஸ்டூ இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக் கோழி.

கடைசியாக, ஊரைவிட்டுப் போனவர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள பள்ளிகளில் வாரநாளில் வரும் பெருநாளைப் பக்கத்து ஞாயிறுக்குத் தள்ளி வைப்பது சாதாரணம். வளைகுடா நாடுகளில் இன்னும் சுவாரசியம். அங்கே பெரும்பாலும் வாரவிடுமுறை வெள்ளி. ஞாயிறு ஆபீஸ். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் குர்பானாவை வெள்ளிக்கிழமை வைத்துக்கொண்டார்கள். உயிர்ப்பின் நாளுக்குரிய ஆராதனை, சிலுவையின் நாளில், நோன்பு நாளில்! குடும்பங்கள் வாரத்தில் ஒருமுறை கூடிச் சாப்பிடுவதும் அந்த வெள்ளி மத்தியானம்தான். பிரியாணி அண்டாவைத் திறப்பதா மூடுவதா என்ற கேள்வி ஒவ்வொரு வாரமும் வரும். இங்கே ஏடு பதில் சொல்லாது. அந்தந்த வீடு சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். அமீரகம் 2022 ஜனவரியில் விடுமுறையைச் சனி ஞாயிறுக்கு மாற்றிவிட்டது. அங்கே இனி ஞாயிறு ஞாயிறாகவே இருக்கலாம். குவைத்தில் இன்னும் வெள்ளிதான்.